இருபத்தாறு ஆண்டுகளாக வேலையில் இல்லாதவர்

நான் வேலை பார்த்த பிரிவிலிருந்து சென்ற மாதம் ஓர் அழைப்பு வந்தது. யார் வேலையில் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எண்ணும் ஊழியரணிக் கணக்கெடுப்பு இனி முழுவதும் கைத்தொலைபேசியில்தான் நடக்கப்போகிறதாம். வீட்டில் யாராவது ஒருவர், எல்லோருக்குமாகச் சேர்த்து, விரலால் தட்டி முடித்துவிடலாம். பத்து நிமிடம்தான் என்று அழைத்த இளம் அதிகாரி பெருமையாகச் சொன்னார். கையேட்டில் இருக்கும் ஒரு விதிதான் இடிக்கிறது: 'ஒருவருடைய வேலையைப் பற்றி அவரிடமே கேட்க வேண்டும்.' இதை எடுத்துவிடலாமா, இல்லை இதற்கு ஏதாவது காரணம் உண்டா, பழைய ஆள் என்ற முறையில் இரண்டு பத்தி எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

எழுத உட்கார்ந்தேன். இரண்டு பத்தியில் அடங்கவில்லை.

முதலில் ஓர் எச்சரிக்கை. கணக்கெடுப்பில் மக்கள் சொன்னதை வெளியே சொல்வது சட்டப்படி குற்றம். அதிகாரி ஓய்வு பெற்றாலும் சட்டம் ஓய்வு பெறுவதில்லை. ஆகவே கீழே வரும் பெயர்கள் நான் வைத்தவை. கடையின் சரக்கையும் தெருவையும் மாற்றிவிட்டேன். ஜாலான் புசார் என்று எழுதுகிறேன் என்பதற்காக அங்கே போய்த் தேட வேண்டாம். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டேன். "தாராளமா எழுதுங்க, என்னைய நல்லா எழுதுங்க" என்றார். இரண்டாவது நிபந்தனைக்கு நான் பொறுப்பில்லை.

பொருளாதாரம் படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த எனக்கு மூன்று வாரப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் இரண்டரை வாரம் படிவத்தை எப்படி மடிப்பது, எந்தப் பேனாவில் எழுதுவது என்பதிலேயே போனது. மீதி அரை வாரத்தில் மனிதர்களை மூன்று பெட்டிகளில் போடக் கற்றுக்கொண்டோம். கடந்த வாரத்தில் ஒரு மணி நேரமாவது கூலிக்கோ லாபத்துக்கோ உழைத்தவர், அல்லது சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலில் கைகொடுத்தவர், குறியீடு ஒன்று. வேலை இல்லை, ஆனால் தேடுகிறார் என்றால் இரண்டு. இரண்டும் இல்லையென்றால் மூன்று, அதாவது ஊழியரணிக்கு வெளியே. மாணவர், நோயாளி, ஓய்வுபெற்றவர், வீட்டைப் பார்த்துக்கொள்பவர், பகல் முழுவதும் தூங்குபவர் எல்லோருக்கும் மூன்றில் இடமுண்டு. பெட்டி தாராளமானது.

முதல் ஆண்டிலேயே ஒரு பெட்டியைத் தவறாகப் பிடித்தேன். கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணை. பேருந்து எப்போதோ ஒன்று வரும். லாரியில் நின்றுகொண்டு போகும் ஊழியர்கள் என்னைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே கடந்துபோக, நான் வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தேன். பண்ணைக் குடியிருப்பில் ஒரு பெரியவர் இருந்தார். வேலை செய்கிறீர்களா என்று கேட்டேன்.

"நான் ரிட்டயர் ஆயி ரொம்ப நாளாச்சு லா."

அவர் கையில் தண்ணீர்க் குழாய். பேசிக்கொண்டே ஒரு வரிசைத் தொட்டிகளை முடித்து அடுத்த வரிசைக்குப் போனார்.

"இது?"

"இதுவா? சும்மா. மதியம் சாப்பாடு போடுறாங்க."

மூன்று என்று எழுதி, ஓரத்தில் அவர் சொன்னதையும் குறித்துக் கொண்டுவந்தேன். அலுவலகத்தில் என் மேலதிகாரி மேடம் கோ அந்தப் படிவத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

மேடம் கோ ஒரு மர அளவுகோலை வைத்துக்கொண்டுதான் படிவம் படிப்பார். ஒரு வரிக்குக் கீழே அளவுகோல் இருக்கும். அந்த வரி தெளியும்வரை அது அடுத்த வரிக்கு நகராது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. 'நான் நினைக்கிறேன்' என்று யாராவது ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். நினைத்து முடித்த பிறகுதான் மறுபடி எடுப்பார். அவருக்குத் தமிழில் மூன்று சொற்கள் தெரியும்: சும்மா, பரவாயில்லை, அப்புறம். இந்தியர் வீட்டுப் படிவங்களில் வரும் பிழைகள் அத்தனையும் இந்த மூன்று சொற்களிலிருந்து பிறந்தவை என்பது அவருடைய ஆய்வு முடிவு. நான் மறுக்க முயன்றதில்லை.

"சும்மா," என்றார், அளவுகோலை என் பக்கம் திருப்பி. மீதியை ஆங்கிலத்தில் சொன்னார். "சாப்பாட்டுக்காகத் தண்ணீர் ஊற்றுகிறார். பணத்துக்குப் பதில் பொருள். இது கூலி. குறியீடு ஒன்று. அவர் தன்னை என்னவென்று நினைக்கிறார் என்று நாம் கேட்கவில்லை. என்ன செய்தார் என்று கேட்டோம்."

இவ்வளவுதான் என் பயிற்சி. மற்றதெல்லாம் நடை.

எங்கள் பிரிவு சிறியது. ஆண்டின் முதல் பாதியில் வீடுவீடாகப் போவதை மேற்பார்வையிடுவோம். இரண்டாம் பாதியில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, சேகரித்த பதில்களை வைத்து முப்பது ஆண்டுகளுக்கு அப்பால் எட்டிப் பார்ப்போம். முதியோருக்கு அரசாங்கம் கொடுக்க வேண்டியிருக்கும் ஆதரவுத் தொகை எவ்வளவு வளரும் என்பதுதான் கேள்வி. கேட்பவர்கள் மேலே இருப்பவர்கள். பதிலை அவர்கள் முன்பே விரும்பிவைத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

பல நாடுகளில் இன்று வேலை செய்பவரின் வரியிலிருந்து இன்று ஓய்வில் இருப்பவருக்கு ஓய்வூதியம் போகிறது. வேலைக்கு வருவோர் கூடினால் சுமை குறையும். ஆனால் அவர்களும் ஒருநாள் ஓய்வுபெற்று வரிசையில் வந்து நிற்பார்கள். "முன்வாசலில் நுழைகிறவர்களை மட்டும் எண்ணிவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள், பின்வாசலிலும் ஓர் ஆளை நிறுத்துங்கள்" என்பார் மேடம் கோ. நம் ஊரில் ஏற்பாடு வேறு. வேலை செய்யும்போது ஊழியரும் முதலாளியும் சேமநிதியில் போடுகிறார்கள். வயதானபின் அது மாதாமாதம் திரும்பி வருகிறது. வாழ்நாளில் சேமநிதியில் போதுமான அளவு சேராதவர்களுக்குத்தான் அரசாங்கம் தன் கையிலிருந்து கொடுக்கிறது. எனவே முப்பது ஆண்டுகள் கழித்து வரப்போகும் செலவைத் தெரிந்துகொள்ள முதியவர்களைப் பார்த்துப் பயனில்லை. இன்று நாற்பது வயதில் குறியீடு மூன்றில் இருப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். அவர்தான் நாளைய வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி.

பழைய அரசாங்க ஓய்வூதியத் திட்டம் நான் சேரும் முன்பே புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. ஓய்வூதியச் செலவைக் கணக்கிட்டு வாழ்ந்தவனுக்கு ஓய்வூதியம் கிடையாது. இதைப் புகாராகச் சொல்லவில்லை, தகவலுக்காக.

எங்கள் வரைபடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. ஐம்பதைத் தாண்டிய பெண்கள், கடைவீடுகளில் குடியிருப்பவர்கள், ஊழியரணிப் பங்கேற்பு குறைவு. இவர்கள் ஏன் வேலைக்கு வருவதில்லை என்று மேலிருந்து கேட்டார்கள். இவர்களை வேலைக்கு வரவழைத்தால் பிற்காலச் செலவு எவ்வளவு குறையும் என்றும் கேட்டார்கள். நான் இரண்டாவது கேள்விக்கு அழகான அட்டவணை போட்டேன். முதல் கேள்விக்குக் 'கலாசாரக் காரணங்கள்' என்று எழுதினேன். பதில் தெரியாதபோது எங்கள் துறையில் அப்படித்தான் எழுதுவது.

அந்தப் பள்ளத்தில் ஒரு புள்ளியை நானே வைத்திருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

அந்த ஆண்டு ஜாலான் புசார் பகுதிக்குரிய பணியாளருக்கு டெங்கி. அவருடைய வீடுகளில் சிலவற்றை நானே முடித்துத் தரப் போனேன். கீழே இரும்புச் சாமான் கடை, மேலே குடியிருப்பு. சோழமண்டலக் கரையிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்த குடும்பம். முதலாளி வஹாப் பாய், அறுபதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டை, நல்ல பேச்சு. கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"நம்ம புள்ள வந்திருக்கு. கேளுங்க சார், என்ன வேணும்னாலும் கேளுங்க. வரி ஆபீஸ் இல்லையே?"

இல்லையென்று சொன்னதும் அவர் முகம் இன்னும் மலர்ந்தது. வீட்டில் நான்கு பேர். அவர், அவர் மனைவி, மகன், இறந்துபோன தம்பியின் மனைவி ஜுலைகா. தன்னைப் பற்றிச் சொன்னார். மகனைப் பற்றிச் சொன்னார். மனைவிக்கு முழங்கால் வலி, மாடியிலிருந்து இறங்குவதில்லை.

"தம்பி மனைவி?"

"அவங்க வீட்டுலதான் இருக்காங்க. சும்மா அப்பப்ப கீழ வருவாங்க."

அந்த நேரத்தில்தான் எனக்குத் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், வந்தது. கொண்டுவந்து வைத்தவர் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மாள். தலையில் முக்காடு, காதில் பென்சில். குவளையை வைத்த கையோடு திரும்பி, கடை வாசலில் கதவுக் கீல் ஒன்றைத் தூக்கிப் பிடித்து நின்ற ஒரு கட்டுமான ஊழியரிடம் பேசினார்.

"அதுக்கு அரை அங்குல ஸ்க்ரூ போட்டா கதவு உன் தலையிலதான் விழும் தம்பி. முக்கால் எடு. மூணாவது டப்பா. அதுல்ல, உன் சோத்தாங்கை பக்கம்."

அந்த ஊழியர் சரியான டப்பாவை எடுத்தார். நான் தேநீரைக் குடித்தேன். படிவத்தில் ஜுலைகாவுக்கு நேரே மூன்று என்று எழுதினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு பலமுறை எனக்கு நானே விளக்கம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பதில் சொல்பவர் வாயால் சொன்னதை எழுத வேண்டும், கண்ணால் பார்த்ததை எழுதக் கூடாது என்பது விதி. அது ஒரு விளக்கம். உண்மையான விளக்கம் வேறு. அந்த வீட்டுப் பெண்ணை அழைத்து, வீட்டுப் பெரியவருக்கு முன்னால், அவர் சொன்ன பதிலை இவரிடம் சரிபார்ப்பது மரியாதை இல்லை என்று எனக்குத் தோன்றியது. சீனர் வீட்டில், மலாய்க்காரர் வீட்டில் தயங்காமல் கேட்டிருப்பேன். நம்மவர் வீட்டில் கேட்கவில்லை. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

சில மாதங்கள் கழித்து, வரைபடத்தின் பள்ளத்தை நிரப்புவதற்காக, தோ பாயோவில் ஒரு சமூக மன்றத்தில் வேலைவாய்ப்புச் சந்தை நடந்தது. நடுத்தர வயதைக் கடந்த, வேலையில் இல்லாத பெண்களுக்காக. பலூன், கேக், முதலாளிகளின் மேசைகள். என்னைப் பார்வையாளராக அனுப்பியிருந்தார்கள். பதிவு மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஜுலைகா வந்தார். அன்று காதில் பென்சில் இல்லை.

பதிவு செய்த இளம்பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா ஆன்ட்டி?"

"இருபத்தாறு வருஷம்."

"வாவ். எந்த கம்பெனி?"

"கம்பெனி இல்லம்மா. மச்சான் கடை. ஹார்டுவேர்."

"பே ஸ்லிப், லெட்டர், ஏதாச்சும்?"

"அதெல்லாம் இல்ல. எந்தக் கதவுக்கு எந்தப் பூட்டுன்னு கேளு, சொல்றேன்."

"அது சிஸ்டம்ல ஏறாது ஆன்ட்டி. நான் 'நோ எக்ஸ்பீரியன்ஸ்'னு போட்டுறேன், ஓகே லா?"

"நீ என்னமோ போடு. போட்டுட்டு வேலையக் குடு."

அப்போது அவர் என்னைப் பார்த்துவிட்டார். நான் மேசைக்குக் கீழே எதையோ தேட முயன்றேன். பயனில்லை.

"சார் நீங்க தானே? கடைக்கு வந்து எழுதிட்டுப் போனீங்களே. தே ஓ குடிச்சீங்க, சீனி கம்மியா."

ஒப்புக்கொண்டேன். ஓரமாகப் போய் நின்றோம். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வஹாப் பாய் கடையை மகனிடம் ஒப்படைக்கிறார். மகன் இனி இணையத்தில்தான் விற்கப்போகிறான். கிடங்கும் இரண்டு ஆட்களும் போதும். சின்னம்மா ஓய்வெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு ஐம்பத்தேழு வயது. பிள்ளைகள் இல்லை. சேமநிதி அறிக்கையை எடுத்துப் பார்த்திருக்கிறார். திருமணத்துக்கு முன்பு ஒரு தொழிற்சாலையில் ஒன்றரை ஆண்டு வேலை செய்தபோது போட்டது மட்டும்தான் இருந்தது. கடையில் நின்ற காலத்துக்கு ஒரு காசு இல்லை. நிலுவையைக் கேட்டு வசூலித்துத் தரும் அலுவலகம் ஒன்று இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அங்கே போனால் வேலை செய்ததற்கு ஆதாரம் கேட்பார்கள்.

"மச்சான்கிட்ட கேட்டேன். 'நீ வேலைக்காரியா? வீட்டுப் பொம்பளை. வீட்டுப் பொம்பளைக்கு யாராச்சும் சேமநிதி கட்டுவாங்களா'ன்னு கேக்குறாரு. கேக்குறப்ப கௌரவமாத்தான் இருக்கு. ஆனா அறுபத்தஞ்சு வயசுல கௌரவத்த வச்சு அரிசி வாங்க முடியாது." என் பக்கம் திரும்பினார். "நீங்க கவர்மெண்ட்டு. வந்து கண்ணால பாத்து எழுதுனீங்க. அந்தப் பேப்பர்ல ஒரு காப்பி குடுங்க சார். போதும்."

அவர் கேட்ட அந்தத் தாள் எனக்கு மனப்பாடம். அதில் அவர் வேலை செய்யவில்லை என்று அரசாங்கமே எழுதி வைத்திருந்தது, என் கையெழுத்தில்.

"குடுக்க முடியாதுக்கா. சட்டம்."

"என்னைப் பத்தின பேப்பர், எனக்கே குடுக்க மாட்டீங்களா?"

"யாருக்கும் குடுக்க மாட்டோம்."

"சரி. என்னன்னு எழுதியிருக்கீங்க? அதையாச்சும் வாயால சொல்லுங்க."

வேறொருவர் கொடுத்த பதிலைச் சொல்வதும் குற்றம். அவர் என் முகத்தைப் பார்த்தார். பல ஆண்டுகள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றவருக்கு முகம் பார்க்கத் தெரியும்.

"அப்ப நல்லதா எழுதல," என்றார்.

மறுநாள் காலை மேடம் கோவின் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் எழுந்து, பூட்டிய அலமாரியைத் திறந்து, அந்தப் படிவத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தார். அளவுகோல் ஒவ்வொரு வரியாக இறங்கி ஜுலைகாவின் வரியில் நின்றது.

"பதில் சொன்னது யார்?"

"வஹாப்."

"நால்வருக்கும்?"

"நால்வருக்கும்."

"இந்தப் பெண் வீட்டில் இல்லையா?"

"இருந்தார். தேநீர் கொடுத்தார்."

"பேசினாரா?"

"ஒரு வாடிக்கையாளரிடம்."

"என்ன?"

சொன்னேன். அரை அங்குலம், முக்கால் அங்குலம், மூன்றாவது டப்பா. மேடம் கோ பென்சிலைக் கீழே வைத்தார். நான் 'நினைக்கிறேன்' என்று எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் வைத்தார்.

"கண்ணால் பார்த்ததை எழுதக் கூடாது என்று விதி இருக்கிறது," என்றேன்.

"இருக்கிறது. அதற்கு அடுத்த வரியையும் படித்திருப்பீர்கள். பதிலைச் சந்தேகிக்கக் காரணம் இருந்தால் மறு நேர்காணலுக்குக் குறிக்க வேண்டும். உங்களுக்குக் காரணம் இருந்தது. உங்கள் காரணம் ஸ்க்ரூவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது."

படிவத்தை என் பக்கம் தள்ளினார். "இந்தச் சுற்று இன்னும் மூடப்படவில்லை. போய் அவரிடமே கேளுங்கள். முழு நேர்காணல், எதையும் விடாமல். இது அவருக்காக இல்லை. பதிவு சரியாக இருப்பதற்காக. இரண்டையும் கலக்காதீர்கள்."

"அவருக்கு என்ன ஆகும்?"

"அது என் அலமாரியில் இல்லை," என்றார். பிறகு, தன் வழக்கத்துக்கு மாறாக இன்னொரு வாக்கியமும் சொன்னார். "ஆனால் கேள்விகள் ரகசியமல்ல. பதில்கள்தான் ரகசியம்."

அந்த வாரச் சனிக்கிழமை போனேன். மாடியில் உட்கார்ந்தோம். நேர்காணலின்போது பதில் சொல்பவரோடு வேறு யாரும் இருக்கத் தேவையில்லை என்று வஹாப் பாயிடம் பணிவாகச் சொன்னேன். அவரும் பணிவாகக் கேட்டுக்கொண்டு, அறையை விட்டுப் போய், மாடிப்படியின் மூன்றாவது படியில் உட்கார்ந்துகொண்டார். படியைப் பற்றி விதியில் எதுவும் இல்லை.

ஜுலைகாவிடம் போன வாரம் எத்தனை நாள் கடையில் நின்றார், எத்தனை மணிக்கு இறங்குவார், எத்தனை மணிக்கு ஏறுவார் என்று கேட்டேன். ஆறு நாள். காலை எட்டரை. தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போக, கடை அடைக்கும்வரை. சரக்கு வந்தால் எண்ணி எடுப்பவர் யார்? அவர். விலை தெரியாதபோது மகன் யாரைக் கேட்பான்? அவரை.

"இதுக்குப் பணம் ஏதும் வாங்குறீங்களா?"

"சம்பளம்னு இல்ல. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வந்து மச்சான் கையில குடுப்பாரு. செலவுக்கு."

"எல்லா வெள்ளிக்கிழமையும் ஒரே தொகையா?"

"ஒரே தொகைதான். போன வருஷம் காய்ச்சல்ல நாலு நாள் படுத்துட்டேன், அந்த வாரம் கொறச்சுக் குடுத்தாரு."

"கொறச்சா?"

"ஆமா. நாலு நாளைக்குக் கழிச்சுட்டு."

படியில் இருமல் சத்தம் கேட்டது.

அடுத்த கேள்வி கையேட்டில் சிறிய எழுத்தில் இருக்கும். குடும்பத் தொழிலில் கைகொடுப்பவரையும் உண்மையில் ஊழியராக இருப்பவரையும் பிரித்துப் பார்க்க உதவும் கேள்வி. பல பணியாளர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நானும் தாண்டியிருக்கிறேன். அன்று எழுத்து மாறாமல் கேட்டேன்.

"நீங்க தொடர்ந்து சில வாரம் வர முடியாமப் போனா, உங்க வேலையச் செய்ய வேற ஆள் வைக்க வேண்டியிருக்குமா?"

"வச்சாங்களே. ரெண்டு வருஷம் முன்ன நான் உம்ரா யாத்திரை போயிட்டு, அப்படியே ஊருக்கும் போயி ரெண்டு மாசம் இருந்தேன்ல. அப்ப அன்வர்னு ஒருத்தர நிக்க வச்சாங்க."

"அவருக்குச் சம்பளம்?"

"சம்பளம் குடுக்காம நிப்பாரா? அவரு விவரமான ஆளு. சேமநிதியும் கட்டுனாத்தான் நிப்பேன்னு சொல்லி, கட்டவச்சு..."

அங்கே நிறுத்திவிட்டார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. மாடிப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்," என்று கூப்பிட்டார். அதட்டலாக இல்லை, சரக்கு விலை கேட்பது போல. "அன்வருக்குக் கட்டுனீங்கல்ல?"

"அவரு வெளியாளு ஜுலைகா," என்றது படி.

"அந்த ரெண்டு மாசத்துல ரெண்டு பேருக்குப் பூட்டு மாத்திக் குடுத்தாரு. நான் வந்து சமாதானம் சொன்னேன். எந்த எடத்துல அவரு நின்னாரு மச்சான்? என் எடத்துலதானே?"

வஹாப் பாய் கெட்டவர் இல்லை. அதையும் பதிவு செய்ய வேண்டும். தம்பி இறந்தபின் தம்பி மனைவியை இருபத்தாறு ஆண்டுகள் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர் என்றுதான் அவர் தன்னை எண்ணியிருந்தார், பள்ளிவாசலில் மற்றவர்களும் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. அவர் எழுந்து கீழே போனார். கடை திறந்திருந்தது.

நான் பேனாவை மூடினேன். ஜுலைகா கேட்டார்.

"மச்சான் சொன்னத எழுதுனீங்க. அன்னிக்கே என்னைய ஏன் கேக்கல சார்?"

"கேட்டிருக்கணும்க்கா."

"ம். நிலுவை வசூலிச்சுக் குடுக்குற அந்த ஆபீஸ் எங்க இருக்கு?"

சொன்னேன். எந்த மாடி, எந்த முகப்பில் கேட்பது, காலையில் போனால் வரிசை குறைவு என்பது உட்பட. அன்று மாலை மேடம் கோ, முகவரி சொன்னீர்களா என்று கேட்டார். முகவரி யாருக்கும் ரகசியமல்ல என்றேன். தலையசைத்துவிட்டு, மூன்றை அடித்து ஒன்று என்று எழுதி, பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். வரைபடத்தில் கோடு ஒரு மயிரிழைகூட நகரவில்லை. ஒரு புள்ளி அவ்வளவுதான் செய்யும். ஆனால் அடுத்த சுற்றில் கடைவீடுகள் அத்தனையிலும் பெண்களிடமே கேட்க உத்தரவு போட்டார். நீக்கலாமா என்று இப்போது கேட்கப்படும் விதி அன்று எழுதப்பட்டது. அந்தச் சுற்றின் முடிவில் பள்ளம் குறைந்தது. யாரும் புதிதாக வேலைக்குப் போகவில்லை. அவர்கள் முன்பே வேலையில்தான் இருந்தார்கள். 'கலாசாரக் காரணங்கள்' என்ற என் வரியை நானே நீக்கினேன். அதன் இடத்தில் 'பதிலளித்தவர் வேறொருவர்' என்று எழுதியதை மேலே யாரும் ரசிக்கவில்லை. வேலையில் இருந்தும் சேமநிதி இல்லாதவர்களை வேலைச் சந்தை நடத்திக் குறைக்க முடியாது. முதலாளி போடாததை முதுமையில் அரசாங்கம் போடுகிறது. பிற்காலச் செலவில் அதுவும் ஒரு பங்கு என்று ஓர் அடிக்குறிப்புச் சேர்த்தோம். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பதால் அது இன்றும் இருக்கிறது.

ஜுலைகா அந்த அலுவலகத்துக்குப் போனாரா, வழக்கு என்ன ஆனது என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்கவும் இல்லை. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு வந்தேன். ஜுலைகாவே கூப்பிட்டார். சட்டையில் ஏதோ கடையின் பெயர் பொறித்த சீருடை, கழுத்தில் பெயர் அட்டை.

அதிகாரிகள் அன்வரின் பதிவை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த இடத்துக்கு ஒரு சம்பளம் இருந்தது, சேமநிதி இருந்தது என்பது வஹாப் பாயின் சொந்தக் கணக்கிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமைப் பணத்தையும் கழித்த நாள்களையும் அவரே ஒப்புக்கொண்டார். பொய் சொல்லப் பழகாத மனிதர். தன் வீட்டில் ஓர் ஊழியர் இருந்ததை மட்டும் அறியாதவர். ஆனால் இருபத்தாறு ஆண்டுக்கும் கிடைக்கவில்லை. சரக்கு ரசீதுகளில் ஜுலைகாவின் கையெழுத்து எத்தனை ஆண்டுக்கு மிஞ்சியிருந்ததோ அத்தனை ஆண்டுக்குத்தான். மற்றதைக் கரையான் தின்றிருந்தது.

"அப்ப மாசாமாசம் வரப்போறது?" என்றேன். தொழில்புத்தி.

"அதக் கேட்டீங்கன்னா சிரிப்பு. ஆபீஸ்ல ஒரு பொண்ணு கணக்குப் போட்டுக் காட்டிச்சு. இந்தப் பணம் ஏறுனதால, அறுபத்தஞ்சுல கவர்மெண்ட்டு குடுக்குறது கொறஞ்சிடுமாம். அதையும் இதையும் கூட்டிப் பாத்தா, வழக்கே போடாம இருந்திருந்தா எவ்வளவு வருமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான்."

எனக்குத் தெரியும். அந்த அட்டவணையை வரைந்தவன் நான். வேலை பதிவானால் அரசாங்கத்தின் பிற்காலச் செலவு குறையும் என்று நான் நிரூபித்திருந்தேன். இதோ, குறைந்திருந்தது. அந்த மிச்சம் அவர் கைக்கு வராது என்பதும் அதே அட்டவணையில்தான் இருந்தது.

"வருத்தமாக்கா?"

"எதுக்கு?" அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "அது உதவி, இது சம்பளம். உதவின்னா காலம்பூரா நான் மச்சான் மொகத்தப் பாத்துப் பேசணும். இப்ப அவருதான் என் மொகத்தப் பாக்க மாட்டேங்குறாரு." சிரித்தார். "பெருநாளைக்குப் பிரியாணி மட்டும் குடுத்து அனுப்புனாரு. சாப்பிட்டேன், நல்லாருந்துச்சு."

பேருந்து வந்தது. இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தேன்.

"நின்னு பேச நேரமில்ல சார், ரெண்டு மணிக்கு டூட்டி. ஒரு நிமிஷம் லேட்டானா கழிச்சிருவாங்க," என்று சொல்லி, பயண அட்டையைத் தட்டி உள்ளே ஏறினார்.